மழையில்லாத நாட்களை அழித்த ஷீட்

எங்கள் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியது 1987 கார்த்திகையில். அதில் ஓடுவதற்கான புரோகிராமைத் தேடத் தொடங்கியது அடுத்த தையில். வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு மாடு தேடப் போன கதைதான். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெட்டி, போடி கடைவீதியில் சங்கத்துக்கு இருந்த மாடியறையில், பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. செவ்வாய், வெள்ளி தவறாமல் அதற்குச் சூடம் மட்டும் காட்டினார்கள்.

அந்த அறையை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டும். தூசி படக்கூடாது என்று ஜன்னல்களில் சட்டம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். தரையில் பச்சைக் கம்பளம். அதை ஒட்டிய பசையின் வாடை, பழைய ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க வைத்த வனஸ்பதி டின்னின் பாசி வாடை, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர்களின் கால் வாடை, செயலாளரின் எச்சில் படிக்கம், எல்லாம் கலந்து ஒரு மூட்டமாக நிற்கும். வெளியே ஏலக்காய் மூட்டைகள் இறங்கித் தெருவே மணக்கும் மாதங்கள் அவை. அந்த மணத்தில் ஒரு துளிகூட உள்ளே வராமல் பார்த்துக்கொண்டதுதான் கம்ப்யூட்டருக்காகச் சங்கம் செய்த முதல் சாதனை.

அந்தப் பெட்டிக்குள் போக வேண்டியது மழைக் கணக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கம் மலைச்சரிவுத் தோட்டங்களுக்கு மழைமானி கொடுத்தது. தோட்டத்துக் கங்காணி தினமும் காலையில் குடுவையில் நிற்கும் தண்ணீரை அளந்து ஒரு தாளில் குறிப்பார். மாதம் முடிந்ததும் அந்தத் தாள் ஜீப்பில் இறங்கிப் போடிக்கு வரும். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததால், தாள்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேலையைச் சங்கம் என் தலையில் கட்டியது. நானும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். ஒரு தோட்டம், ஒரு நாள், ஒரு வரி. தோட்டங்கள் நாற்பதுக்கு மேல், வருடங்கள் பதினைந்துக்கு மேல். என் வீட்டு இரும்பு பீரோவில் சேலைக்கு இடமில்லாமல் போய், என் மனைவி தன் துணிமணிகளை டிரங்குப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டாள். எவ்வளவு பெரிய கணக்கு என்பதற்கு அந்தப் பீரோவே போதும்.

இந்தத் தாள்களில் ஒரு விசேஷம் உண்டு. சுழி கிடையாது. பெய்யாத நாளுக்கு எதிரே கங்காணிகள் எதுவும் எழுத மாட்டார்கள். கட்டம் வெறுமையாக இருக்கும். வீட்டில் அரிசிப் பானை காலியானால் 'காலி' என்று வாயால் சொல்லாமல் 'நிறைஞ்சிருச்சு' என்று சொல்கிற ஜனங்கள், மழைக்கு எதிரே பூஜ்யம் எழுதுவார்களா? ஒருமுறை ஒரு கங்காணியிடம் கேட்டேன்.

"பெய்யலைன்னு நம்ம கையாலயே எழுதிக் குடுத்தா, அப்புறம் அது எதுக்கு சார் பெய்யும்?" என்றார்.

சிக்கல் என்னவென்றால், அவர் திருவிழாவுக்கோ சந்தைக்கோ இறங்கிப் போன நாளும் அதே வெறும் கட்டம்தான். பெய்யாத நாளும் அளக்காத நாளும் தாளில் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கங்காணிகள் போடிக்கு வரும்போதெல்லாம் பஸ் நிலையத்திலோ டீக்கடையிலோ நிறுத்தி விசாரித்து, பெய்யாத நாளுக்கு ஒரு சிறு கோடும் அளக்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் என் பிரதியில் போட்டு வந்தேன். கோடு பூஜ்யம் இல்லையே என்று அவர்களும் சமாதானமானார்கள்.

1983இல் மலை காய்ந்தது. போடிமெட்டு ஏறும் சாலையின் கீழ் வளைவுகளுக்கு அருகே, கிழக்குப் பார்த்த சரிவில் என் அக்காவுக்கு ஒரு சிறிய ஏலத்தோட்டம் இருந்தது. நாங்கள் கீழே சமவெளியில் சிலமலை ஊர்க்காரர்கள். வயலில் வளர்ந்தவள் மலையில் வாக்கப்பட்டாள். அத்தான் தவறிய பிறகு தோட்டத்தை அவளே நடத்தினாள். அந்தச் சரிவு எப்போதுமே மழைக்கு மறைவு. மேலே மெட்டில் ஆனி, ஆடி முழுக்கச் சாரல் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே அவள் தோட்டத்தில் வெயில் அடிக்கும். ஐப்பசியில் சில நாள் கொட்டித் தீர்க்கும். சித்திரையில் ஒரு இடிமழை வந்தால் வரும். அந்த வருடம் அதுவும் வரவில்லை. ஏலச்செடிகள் இலை பழுத்து, தூரோடு சாய்ந்தன. பிறகு இரண்டு முறை பக்கத்துத் தோட்டங்களில் கிழங்கு வாங்கி நட்டாள். இரண்டு முறையும் இலையில் வெளிறிய கோடு விழும் நோய் வந்து, பிடுங்கிக் கொளுத்த வேண்டியதாயிற்று.

அவளைப் போல் கீழ்ச்சரிவில் அழிந்தவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் சங்கம் நோயில்லாத நாற்றுகளை வளர்த்தது. 1988 ஆனியில் பங்கிடுவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் போதாது என்பதால், மழை குறைந்த சரிவுகளுக்கு முதலில், மழை மிகுந்த சரிவுகளுக்குக் கடைசியில் என்று பொதுக்குழுவில் முடிவானது. எந்தச் சரிவில் குறைவு, எதில் மிகுதி என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். நியாயமான ஏற்பாடு என்று நானும் கைதட்டினேன்.

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா அடுக்களையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"குழியெல்லாம் வெட்டி வச்சுட்டேன்டா தம்பி. இந்த ஆனிக்கு நாத்து வரலேன்னா நிழல் மரத்தை வெட்டுறவன்கிட்ட விட்டுட்டு சிலமலைக்கே இறங்கிருவேன். நட்டு மூணு வருசம் காய்க்குக் காத்துக் கெடக்கணும். எனக்கு இன்னும் எத்தனை மூணு வருசம் இருக்கு சொல்லு."

புரோகிராமைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். செயலாளர் எனக்கு மாமன் முறை. மெட்டுக்கு மேலே பெரிய தோட்டம் உள்ளவர். பார்க்கும் இடத்தில் எல்லாம் 'வாத்தியார் மாப்ளே' என்று தோளில் கை போடுவார். அந்தக் கையில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். என் சட்டைத் தோள்கள் பலவற்றில் அது வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது.

முதலில் வந்தவர் மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். கழுத்தில் டை. எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னவர் தன் பூட்சைக் கழற்றவில்லை. பிளாப்பிகளை ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தார். மேல்தட்டில் எலுமிச்சம் சாதம் இருந்திருக்க வேண்டும், ஒரு பிளாப்பி உறையில் மஞ்சள் விரல் பதிந்திருந்தது. அதைப் பேண்ட்டில் துடைத்துப் பெட்டிக்குள் சொருகினார். பச்சை எழுத்தில், கட்டம் கட்டமாக ஒரு ஷீட் திரையில் விரிந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அடியில் கூட்டல் தானாக மாறியது. இன்னொரு விசையைத் தட்டினார். கம்பு கம்பாக நிற்கும் படம் ஒன்று வந்தது.

"அடடே, கரும்புக் காடு கணக்கா இருக்கே" என்றார் குழுவில் ஒருவர். பாதி முடிவு அப்போதே ஆகிவிட்டது.

எத்தனை வரி கொள்ளும் என்று நான் கேட்டேன். எத்தனை வேண்டுமானாலும் கொள்ளும் என்றார். ஒரு தோட்டத்தின் எல்லா வருடங்களையும் முன்னதாகவே சங்கத்தின் தட்டச்சுப் பெண்ணிடம் கொடுத்து, மதுரையில் அவர் கடையிலேயே ஏற்றச் செய்திருந்தேன். அதைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தது. அதையே மறுபடி கீழே ஒட்டி இரண்டு தோட்டமாக்கச் சொன்னேன். முனகிக்கொண்டு ஒட்டியது. மூன்றாவதற்குத் திரையில் ஓடும் சிறு கட்டம், குளத்திலிருந்து எழ மனமில்லாத எருமை மாதிரி நகர்ந்தது. அடுத்ததற்குப் பெட்டி ஒரு கூச்சல் போட்டு நின்றுவிட்டது. நினைவு நிரம்பிவிட்டது என்று மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மினுக்கியது.

ஷீட் முழுவதும் பெட்டியின் நினைவுக்குள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பது தோட்டம் வேண்டிய இடத்தில் நான்குக்கே மூச்சு முட்டுகிறது. டைக்காரர் அசரவில்லை. வருடத்துக்கு ஒரு பிளாப்பியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் எல்லா வருடத்துக்குமான சராசரியை எப்படிப் பார்ப்பது என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து விடையைத் தாளில் எழுதி, பிறகு கூட்டிக்கொள்ளலாமாம். அதைத்தானே பென்சிலை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக நான் செய்துகொண்டிருக்கிறேன்?

இரண்டாவதாக வந்தவர் மதுரையில் ஒரு கல்லூரியின் விரிவுரையாளர். காலை ரயிலில் வந்து இறங்கினார். தோளில் ஜோல்னாப் பை. அவருடைய புரோகிராமைத் தொடங்கினால் கறுப்புத் திரையில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். நாம் கட்டளையை எழுதும்வரை அது சும்மா காத்திருக்கும். படம் கிடையாது. கம்பு கிடையாது. ஆனால் கணக்கு முழுவதும் பெட்டிக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் தட்டில் கிடந்தது. வேண்டிய வரியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது. நினைவு நிரம்புவது என்ற பேச்சே இல்லை. குறைகளையும் அவரே சொன்னார். பெரிய கேள்வி கேட்டால் டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். கட்டளைகளை ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. அந்த அறையில் குறையைச் சொல்லி ஒரு பொருளை விற்க வந்த ஒரே மனிதர் அவர்தான்.

என் கோட்டையும் பெருக்கல் குறியையும் பார்த்தவுடன் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேயே ஏதோ எழுதிச் சேர்த்தார். அதன்பின் மழைக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தாண்டப் பார்த்தால் புரோகிராம் விடவில்லை. பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று கேட்டு நின்றது. பெய்யவில்லை என்றால் பூஜ்யம் போட்டுக்கொண்டது. அளக்கவில்லை என்றால் அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பதினைந்து வருடம் பஸ் நிலையத்தில் நின்று நான் கேட்ட கேள்வியை ஒரு இயந்திரம் கேட்கிறது.

செயலாளர் படிக்கத்தில் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"கேள்வி கேக்குற மெசினு நமக்கு எதுக்குங்க? அதுக்குத்தான் நம்ம வாத்தியார் மாப்ளே இருக்காகளே."

அறை சிரித்தது. இன்னொருவருக்குத் திரையில் வரிசையாக நின்ற சுழிகள் பிடிக்கவில்லை. மங்களகரமாக இல்லை என்றார். நல்ல நாளில் வாங்கி, சூடம் காட்டி வைத்திருக்கிற பெட்டியில் பூஜ்யமாக ஓடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லையாம். விரிவுரையாளர் தன் பிளாப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, பகல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். ஸ்டேஷன்வரை அவருடன் நடந்து போனேன்.

மாசியில் குழு கூடி முடிவெடுத்தது. நான் எழுந்து, நாற்பது தோட்டத்துக் கணக்கை நான்கு தோட்டம்கூடக் கொள்ளாத ஷீட்டுக்குள் அடைக்க முடியாது என்பதைக் கையிலிருந்த தாளில் எழுதிக் காட்டினேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஏசியை. டைக்காரர் தன் புரோகிராமை இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். தந்தார். பிளாப்பியின் மேல் வேறு ஏதோ கம்பெனியின் பெயரைச் சுரண்டிவிட்டு, பால்பாயிண்ட் பேனாவால் எங்கள் சங்கத்தின் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். இவர் தனக்கே சொந்தமில்லாத ஒன்றை எங்களுக்குத் தானம் செய்கிறார். அதற்குச் சால்வை வேறு போர்த்தினார்கள். கை தூக்கச் சொன்னபோது என்னைத் தவிர எல்லோருடைய கையும் உயர்ந்தது. ஏசி காற்று அக்குளில் படட்டும் என்று சிலர் கையை இறக்கவே இல்லை. அறையின் மூட்டத்தில் அந்த வாடையும் சேர்ந்துகொண்டது.

சித்திரை கடைசியில் செயலாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். போனேன். கணக்கு முழுவதும் சரிவுக்கு ஒரு ஷீட்டில் அடங்கிவிட்டதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி என்று தட்டச்சுப் பெண்ணிடம் கேட்டேன். டைக்காரர் வழி சொல்லிக் கொடுத்தாராம். கோடு போட்ட வரிகளையும் பெருக்கல் குறி போட்ட வரிகளையும் ஏற்றவே வேண்டாம், மழை பெய்த நாட்களை மட்டும் ஏற்றினால் போதும். இல்லாத மழைக்கு எதற்கு இடம்? முன்பு ஏற்றியிருந்த வரிகளில் எண் இல்லாதவற்றையும் அழித்துவிட்டார்கள். பல வருடங்களின் பெரும்பகுதி ஒரு வாரத்தில் காணாமல் போயிருந்தது. சுழி ஒழிந்தது என்று குழுவுக்கும் திருப்தி. திரையின் நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். அது வியர்த்து, கண்ணாடியில் சிவப்பாக வழிந்து, தேதிப் பத்தியை மறைத்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த வரிகளை வைத்து ஒவ்வொரு சரிவுக்கும் சராசரி எடுத்திருந்தார்கள். மழைமானி எல்லாத் தோட்டத்திலும் ஒரே வருடத்தில் வைக்கப்படவில்லை என்பதால் மொத்தத்தைக் கூட்டாமல் சராசரி எடுக்க வேண்டும் என்று சொன்னவனே நான்தான். அது சரிதான். ஆனால் பெய்யாத நாட்கள் இருந்தால்தான் அது சராசரி. மெட்டில் தினமும் நூல்மழை. நாட்கள் ஏராளம், ஒரு நாளின் அளவு கொஞ்சம். கீழ்ச்சரிவில் என்றோ ஒரு நாள் கொட்டும். நாட்கள் சில, ஒரு நாளின் அளவு பெரிது. காய்ந்து கிடந்த நாட்களை எல்லாம் அழித்துவிட்டு, கொட்டிய நாட்களை மட்டும் வைத்து வகுத்தால் என்ன வரும்? மலையிலேயே மழை மிகுந்த இடம் என் அக்காவின் தோட்டம் என்று வந்தது. பட்டியலில் கடைசி. மலையிலேயே காய்ந்த இடங்கள் மெட்டுக்கு மேலே, வருடத்தில் பாதி நாள் குடையில்லாமல் நடக்க முடியாத தோட்டங்கள். செயலாளரின் தோட்டம் முதல் சிலவற்றுக்குள் நின்றது.

செயலாளரைத் தனியாகப் பிடித்து விளக்கினேன். தினமும் அரை டம்ளர் காப்பி குடிக்கிறவரும், மாதத்தில் ஒரே நாள் ஒரு செம்பு நிறையக் குடிக்கிறவரும் இருந்தால், குடித்த நாளை மட்டும் எண்ணினால் செம்புக்காரர்தான் பெரிய காப்பிக் குடியர் என்று ஆகும், அதுதான் இங்கே நடந்திருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"புரியுது மாப்ளே. எனக்கு மூளை இல்லேன்னு நெனச்சீகளா? அன்னைக்கே புரிஞ்சிருச்சு" என்றார். "ஆனா பாருங்க, கடைசியில நிக்கிறது யாரு தோட்டம்? உங்க அக்கா தோட்டம். கணக்கை மாத்தச் சொல்றது யாரு? நீங்க. நான் மாத்துனா ஊரு என்ன பேசும்?"

அக்காவின் தோட்டத்தை விட்டுவிட்டு மற்றக் கீழ்ச்சரிவுத் தோட்டங்களைப் பாருங்கள், அவையும் தலைகீழாகத்தான் நிற்கின்றன என்றேன்.

"அப்ப அக்காவுக்கு நாத்து வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டாங்க. அப்புறம் பாப்போம்" என்று சொல்லி, வழக்கம்போல் என் தோளில் கையை வைத்தார்.

தெரியாமல் செய்தவன்மேல் கோபம்தான் வரும். புரிந்துகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தோளைத் தட்டிக் கொடுப்பவரிடம் கோபம்கூட வரவில்லை. சோற்றில் கிடந்த பல்லியைப் பார்த்ததுபோல இருந்தது. சட்டையை வீட்டில் கழற்றித் தண்ணீரில் முக்கிவிட்டு, கோடை விடுமுறை என்பதால் மறுநாளே மலை ஏறினேன்.

அக்கா நிழல் மரத்தடியில் பாக்குக் கடித்துக்கொண்டு நான் சொல்வதை முழுவதும் கேட்டாள்.

"எழுதிக் குடுத்தா மாத்துவாகளா?"

"பாப்போம்னு சொன்னாரு."

"பாப்போம்னா மாட்டேன்னு அர்த்தம். மலையில கெடக்குறேன்னு எனக்குப் பேச்சு மறந்து போச்சா? நீ ஒண்ணும் எழுத வேண்டாம். குழு கூடுறன்னைக்குச் சொல்லு, நான் வர்றேன்."

நான் விட்டுவிடவில்லை. கோடும் பெருக்கல் குறியும் உள்ள பிரதிகளில் சிலவற்றை விரிவுரையாளருக்கு அனுப்பி, அவருடைய புரோகிராமில் ஓட்டிப் பார்க்கும்படி எழுதினேன். தேர்வுத் தாள்கள் குவிந்திருப்பதாகவும் விரைவில் செய்வதாகவும் பதில் எழுதினார். குழு வைகாசியில் கூடும் என்றார்கள், கூடவில்லை. ஆனி பிறந்த பிறகுதான் கூடியது.

அக்கா காலை ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இறங்கி வந்தாள். அவளுக்குச் செருப்புப் போடும் வழக்கம் இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாததால் செம்மண் காலோடு நேராகப் பச்சைக் கம்பளத்தில் நடந்து போனாள். யாரும் தடுக்கத் துணியவில்லை. திரைக்கு முன்னால் இருந்த தட்டச்சுப் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆத்தா, எண்பத்து மூணுல எங்க தோட்டத்துல சித்திரை மாசம் எப்படி இருந்துச்சுன்னு காட்டு."

அந்தப் பெண் விசையைத் தட்டித் தட்டிக் கீழே இறங்கினாள். மறுபடி மேலே போனாள். மறுபடி இறங்கினாள்.

"சித்திரை இல்லைங்கம்மா. ஜனவரியில ஒரு நாள் இருக்கு. அடுத்து ஜூன்தான் வருது."

"நடுவுல இருந்த மாசமெல்லாம்?"

"மழை இல்லாத நாளை எடுத்தாச்சுங்கம்மா."

அக்கா செயலாளர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்த மாசத்துலதான் மாமா எங்க செடி செத்துச்சு. செத்த நாளைத் தூக்கிப் போட்டுட்டு, பொழைச்சிருந்த நாளை மட்டும் எண்ணி, நல்லாத்தான இருக்கேன்னு கேக்குறீக. இதுக்கு எதுக்கு மெசினு? இதை நீங்க வாயாலயே சொல்லிருக்கலாம்ல."

கரும்புக் காடு என்று வியந்தாரே, அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்தம்மா சொல்வதில் நியாயம் இருப்பதாக முனகினார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் மாதக்கணக்கில் எண்களால் காட்ட முடியாததை அவள் ஒரு மாதத்தைக் கேட்டுக் காட்டிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் நிமிடநேரம்தான்.

"சரி தாயி. அடுத்த பட்டியல்ல சரி பண்ணிருவோம்" என்றார் செயலாளர்.

"அடுத்தது கெடக்கட்டும். நாத்து?"

"நாத்து போன வாரமே லோடு ஏறிப் போயிருச்சே. பட்டியல் தயாரா இருந்துச்சு, சாரல் வேற ஆரம்பிச்சிருச்சு. குழு கூடட்டும்னு நாத்து காத்துக்கெடக்குமா?"

குழுவில் இருந்த எனக்கே அது தெரியாது. வேறு சிலருக்குத் தெரிந்திருந்தது என்பது அவர்கள் கம்பளத்தைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. எந்தப் பட்டியலைச் சரிபார்க்கக் கூடினோமோ, அது ஏற்கெனவே மலையேறிவிட்டது. எங்களுக்குக் காப்பியும் காராச்சேவும் வந்தன. தலையாட்டிய இருவரும் காராச்சேவை மென்றுகொண்டே நாற்றங்கால் பராமரிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். வாயிலிருந்து கம்பளத்தில் சிந்திய துணுக்குகளை ஒருவர் கால் விரலால் தள்ளி மேசைக்கு அடியில் ஒதுக்கினார். அந்தக் கால் விரல் இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அக்கா வீட்டுக்கு வரவில்லை. மெட்டுக்குப் போகும் ஜீப்பைப் பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன். போன நாற்று எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. அவள் தோட்டத்தைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்தான் திரும்பினேன். வெட்டி வைத்த குழிகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் மேலே, மெட்டில், சாரல் முகத்தில் அறைந்தது.

செயலாளரின் தோட்டத்தில், காய் உலர்த்தும் கட்டடத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நனைந்த சாக்கில் சுற்றிய நாற்றுக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் குவிந்து கிடந்தன. மேலே ஈ மொய்த்தது. சாக்குக்கு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து பாதைவரை வந்திருந்தது. ஏன் நடவில்லை என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அந்தத் தோட்டத்தில் செடி எதுவும் சாகவில்லை. வெற்றுக் குழி ஒன்றுகூடக் கிடையாது. பட்டியலில் முதலில் பெயர் இருந்தது, லோடு வந்தது, இறக்கிவைத்துவிட்டார்கள்.

நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு கட்டை அவிழ்த்தாள். வெளிச்சுற்று நாற்றுகள் கூழாகிக் கையோடு வந்தன. உள்ளே கையை விட்டுத் துழாவினாள். நடுவில் இருந்தவற்றில் சிலவற்றின் குருத்து இன்னும் பச்சையாக இருந்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தாள்.

அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இவர்கள் அழுகவிட்டதைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டாம், விரிவுரையாளரின் கணக்கு வரட்டும், அதை வைத்து அடுத்த வருடம் முறையாக வாங்கலாம் என்றேன்.

"வெக்கம் உனக்கு. தோட்டம் எனக்கு" என்றாள் நிமிராமல். "மூக்கைப் பொத்துன கையை எடுத்துட்டு அந்தக் கட்டை அவுரு."

அவிழ்த்தேன். விரல் நகத்துக்குள் அந்தக் கூழ் ஏறியது. எங்கள் அரவம் கேட்டு அந்தத் தோட்டத்துக் கங்காணி குடையோடு ஓடி வந்தார். எல்லையை ஒட்டி வளர்ந்தவர், பேச்சில் பாதி மலையாளம்.

"சேச்சி, முதலாளிகிட்டக் கேக்காம எடுத்தா எனக்குத்தான் ஏச்சு."

"இதுல எதையாச்சும் உங்க முதலாளி நடுவாகளா?"

அவர் குவியலைப் பார்த்தார்.

"அப்ப இது எங்கயும் இல்லாத நாத்துதான. இல்லாததைக் கேக்காமலே எடுக்கலாம்னு போடியில சட்டம் போட்டுட்டாக, தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கட்டுக்கு நகர்ந்தாள். கங்காணி குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, தானும் ஒரு கட்டை அவிழ்க்க உட்கார்ந்தார்.

இருட்டுவதற்குள் ஒரு ஜீப் கொள்ளும் அளவுக்குத் தேறியது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கீழ்ச்சரிவில் நட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் விஷயம் கேள்விப்பட்டு மெட்டுக்கு ஓடி, மிச்சமிருந்ததில் பொறுக்கிக்கொண்டார்கள்.

விரிவுரையாளரின் கணக்கு ஆவணியில் வந்தது. நான் நினைத்ததுபோலவே, அதில் சங்கத்தின் பட்டியல் அப்படியே தலைகீழாக நின்றது. குழுவின் முன் வைத்தேன். வாங்கிப் பார்த்து, பதிவு செய்ததாகச் சொன்னார்கள். அதற்குள் சங்கத்தின் ஆண்டு மலர் அச்சாகியிருந்தது. பின் அட்டையில் வண்ணத்தில் அந்தக் கம்புப் படம். அதில் மிக உயரமாக நின்ற கம்பு என் அக்காவின் சரிவு. வறட்சிக்குப் பின் மழை பெருகிவிட்டது என்று அடியில் ஒரு வரி வேறு. அடுத்த தையில், இன்னும் அதிக வரிகளைக் கொள்ளும் ஷீட் வந்திருப்பதாக டைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை அவரைப் பார்க்க நான் மாடி ஏறவில்லை. பீரோவிலிருந்த பிரதிகளையும் சங்கத்துக்குக் கொடுக்கவில்லை.

நட்டதில் பிழைத்தது பாதிக்கும் குறைவு. பிழைத்ததற்கு அக்கா இரண்டு கோடையிலும் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மீதிக் குழிகளில் இலவம்பஞ்சுக் கன்று வைத்தாள், அது மழையைக் கேட்காது என்றாள். நிழல் மரங்களுக்கு விலை பேச ஆள் வந்தபோது, கீழே செடி இருக்கிறது, நிழல் வேண்டும் என்று சொல்லி, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.